முதல் வாடகை வீடு: கடியப்பட்டணம் வட்டாரத்தில் வாங்குவோருக்கு

வாடகைக்கு விடுவதற்கென்று முதன்முதலாக வாங்கும் வீடு, குடியிருக்க வீடு தேடி வெளியாட்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் அமைய வேண்டும். வாங்குபவர் பிறந்த ஊர், உறவினர் வாழும் தெரு, பேருந்தில் போகும்போது தினமும் கண்ணில் படும் மனை என்பவை எல்லாம் அதற்குப் பிறகுதான். கடியப்பட்டணத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு கடலில் சேரும் இந்த மீனவ ஊரில், வளைகுடா நாட்டிலோ கப்பலிலோ உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் சொந்த வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்புவதே முதலில் தோன்றும் எண்ணம். அந்த மாடி மகனுக்கோ மகளுக்கோ பயன்படலாம். வாடகை வருமானத்துக்கு அது பெரும்பாலும் உதவாது. சொந்த வீடுள்ளவர்களே நிறைந்த ஊரில் வாடகைக்கு வருவோர் குறைவு, வருகிறவர்களும் தெரிந்தவர்களாக இருப்பதால் வாடகையை உயர்த்திக் கேட்பதும் கடினம்.

குடிவருவோர் யார்?

இந்த வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோரைப் பிழைப்பை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றிச் செவிலியர், பயிற்சி மருத்துவர், நீண்டநாள் சிகிச்சைக்கு வந்தவர்களின் குடும்பம் என்று ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. சுங்கான்கடைப் பக்கம் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் வருகிறார்கள். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில் வேலை பார்க்கும் பலர் நாகர்கோவிலில்தான் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை முன்னிட்டு நாகர்கோவிலுக்குக் குடிபெயரும் கடற்கரைக் குடும்பங்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கடியப்பட்டணத்துக்கு அருகிலேயே பார்த்தால் மணவாளக்குறிச்சி மணல் ஆலையை ஒட்டியும், குளச்சல் கடைவீதியை ஒட்டியும் ஓரளவு தேவை உண்டு.

படகுத் தொழிலாளரை நம்பி வீடு வாங்குவோர் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முட்டம், குளச்சல் உள்ளிட்ட மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் வாடகை தாமதமாகலாம். அது குடியிருப்பவரின் குணக்கேடு ஆகாது, தொழிலின் இயல்பு. ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு மனக்கசப்பு இருக்காது.

தேவையை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் தெருவில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வீடுகளைக் குறித்துக்கொண்டு, சில வாரம் கழித்து மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். பலகைகள் அப்படியே தொங்கினால் அந்தத் தெரு வேண்டாம். வாடகை எவ்வளவு என்பதைத் தரகரிடம் கேட்பதைவிட, அங்கே குடியிருப்பவர்கள் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

விலைக்கு முன் வாடகையைக் கணக்கிடுதல்

ஓர் எடுத்துக்காட்டு. நாகர்கோவில் புறநகரில் ஒரு வீட்டின் விலை 40 லட்சம் ரூபாய், கிடைக்கும் வாடகை மாதம் 12,000 என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தபோது பதிவுக் கட்டணம் 4இல் இருந்து 2 ஆகக் குறைந்தது. ஆக 9 விழுக்காட்டுக்கு 3.6 லட்சம் போகும். வழக்கறிஞர், தரகு, வெள்ளையடிப்பு, சிறு பழுது எல்லாம் சேர்ந்தால் முதலீடு 45 லட்சத்தைத் தொடும். ஆண்டு வாடகை 1,44,000. அதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்ததாகவும், சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் 20,000 போனதாகவும் கழித்தால் நிற்பது 1,12,000. போட்ட பணத்தில் இது இரண்டரை விழுக்காடுதான்.

இதே வீட்டுக்கு 30 லட்சம் வங்கிக் கடன் எடுத்தால், 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய். வாடகையில் செலவு போக மாதம் 9,300 அளவில்தான் கையில் நிற்கும். மீதி 16,700ஐ மாதந்தோறும் வேறு வருமானத்தில் இருந்து போட வேண்டும். 'வாடகையே தவணையைக் கட்டிவிடும்' என்று தரகர் சொன்னால் இந்தக் கழித்தல் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பார்க்கலாம். கடலுக்குப் போகிறவரின் வருமானத்தில் ஏற்ற இறக்கம் மிகுதி. தவணையோ ஒரு மாதமும் குறையாது. ஆகையால் முதல் சொத்துக்குக் கடன், வாடகை ஒன்பது மாதமே வந்தாலும் தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

வங்கி எவ்வளவு தரும் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 விழுக்காடு வரையும் தரலாம். வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் இருந்தால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. அந்தப் பணம் கையில் தனியாக இருக்க வேண்டும்.

குறைந்த வாடகை விகிதத்தைச் சரிக்கட்ட இந்த வட்டாரத்தில் நன்றாக எடுபடுவது, ஒரே வளவுக்குள் கீழும் மேலும் தனித்தனி வாசலோடு இரண்டு குடித்தனம் இருக்கக்கூடிய வீடு. ஒன்று காலியானாலும் மற்றொன்றின் வாடகை வரும். அப்படி வாங்கும்போது மின் இணைப்பு இரண்டாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே மீட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு குடும்பங்களுக்கு இடையே வீட்டுக்காரர் மாதந்தோறும் பஞ்சாயத்து பேச நேரிடும்.

கடலோரக் கோடு

கடியப்பட்டணத்திலேயோ முட்டத்திலேயோ கடலைப் பார்த்த வீடு விலைக்கு வந்தால் ஆசை வருவது இயல்பு. வாங்குமுன் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி உயர் அலைக்கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை நிலம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஊர்ப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. அதற்குள் 100 முதல் 200 மீட்டர் வரையிலான பகுதியில் பாரம்பரிய மீனவரின் குடியிருப்புக்கு இடம் தரப்பட்டது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறப் பகுதிகளில் இந்தத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றோரமும் இந்த விதிகளுக்குள் வரும் என்பதால் வள்ளியாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மனைகளுக்கும் இது பொருந்தும். குறிப்பிட்ட புல எண் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம்தான் காட்டும். விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. ஏற்கெனவே நிற்கும் வீட்டை வாங்கிவிட்டு மேலே மாடி கட்ட அனுமதி கிடைக்காமல் போனால், வாடகைக் கணக்கே தலைகீழாகும்.

2004 சுனாமிக்குப் பிறகான மறுகுடியமர்வு இன்னொரு சிக்கலை விட்டுச் சென்றிருக்கிறது. 2005இல் தமிழ்நாடு அரசு வகுத்த திட்டத்தில், கடலில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு பெற்றால், பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தர வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி விட்டுக்கொடுத்த மனையில் இன்னும் யாரேனும் இருந்துகொண்டு விற்க முன்வரலாம். அரசு ஒப்படைத்த புது வீடுகளின் பட்டாவிலும் கைமாற்றத்துக்கு நிபந்தனைகள் இருக்கக்கூடும். இரண்டிலும் பட்டாவின் முகப்பை மட்டும் பார்த்தால் போதாது, நிபந்தனைப் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் குடியிருப்பு நிலம் ஆலயத்தின் பெயரிலோ புறம்போக்காகவோ பதிவாகியிருக்கும் வாய்ப்பும் உண்டு. தலைமுறைகளாக வரி கட்டிய ரசீது இருந்தாலும் அது உரிமை ஆவணம் ஆகாது.

உப்புக்காற்று கம்பியைத் தின்னும். கடலோர வீட்டின் கூரை அடிப்பகுதியில் சிமெண்டுப் பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால், அந்தப் பழுதுச் செலவு பல ஆண்டு வாடகையை விழுங்கும். பூச்சு புதிதாக அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பிரமாணமும் வாரிசும்

குமரி மாவட்டத்தில் சொத்து ஆவணம் பார்ப்பது தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைவிடக் கடினமானது. 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நிலம். பிரமாணம் எனப்படும் பழைய சொத்துப் பத்திரங்கள் மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கலாம், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆகஸ்டு நடுவில் ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆகவே ஆண்டின் முற்பகுதிக்கு 824ஐயும், ஜனவரிக்குப் பிறகான பகுதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1132 ஆவணியில் எழுதிய பிரமாணம் 1956 ஆகஸ்டு-செப்டம்பருக்கு உரியது. நிலத்தின் எண்ணும் மாறியிருக்கும். பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டும் கிரையச் சொத்து விவரத்தில் ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பிரமாணத்தில் உள்ள சென்ட், பட்டாவில் உள்ள பரப்பு, தரையில் நாடா பிடித்து அளந்த பரப்பு ஆகிய மூன்றும் ஒன்றாக இல்லையென்றால், குறைந்த அளவுக்கே விலை பேச வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துத் தேட வேண்டும். முப்பது ஆண்டு பார்த்தால் போதும் என்பது பொது வழக்கம். இந்த மாவட்டத்தில் அது போதாது. காரணம் வாரிசுரிமை.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவருக்கு 1916ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் கொண்ட சில இலத்தீன் கத்தோலிக்கருக்கு விலக்கு இருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தபோது, பழைய திருவிதாங்கூர் பகுதியில் 1951 ஏப்ரல் 1 முதலே 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. அச்சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எனவே 1951க்குப் பின் உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொத்தை ஆண்மக்கள் மட்டும் பாகம்வைத்து விற்றிருந்தால், மகள்களும் இறந்துபோன மகள்களின் பிள்ளைகளும் கையெழுத்திடாத அந்தப் பிரமாணத்தில் ஓட்டை இருக்கிறது. 'சீதனம் கொடுத்து அனுப்பிவிட்டோம்' என்ற பதிலை ஏற்கக் கூடாது. பதிவான விடுதலை ஆவணம் இருக்க வேண்டும். இது விற்கும் குடும்பத்தைச் சந்தேகிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டப்படி அந்தப் பெண்களுக்கு உரியதை அவர்கள் அறிந்து, விரும்பி விட்டுக்கொடுத்தார்களா என்று கேட்பது வாங்குபவரின் கடமையும்கூட.

இந்துக் குடும்பங்களில் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தமும், 2005இன் மத்தியத் திருத்தமும் மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கின. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது, 1926இல் திருவிதாங்கூர் அரசு அவர்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. ஆகையால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பழைய சொத்துகளில் மாமன் வழியா தந்தை வழியா என்று வேரைத் தேட நேரலாம். இஸ்லாமியக் குடும்பச் சொத்துக்கு ஷரியத் பங்கீடு. எந்தக் குடும்பமானாலும் வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொருவரும் ஆவணத்தில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாத கிரையம் வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் அனுப்பிய அதிகார ஆவணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும். எழுதியவர் இறந்தால் அதிகாரமும் போகும். பொது அதிகார ஆவணத்தையே கிரையமாக நினைத்து வாங்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஒற்றி

குமரியில் வீடு பேசும்போது ஒற்றி என்ற சொல் வராமல் இருக்காது. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலிசெய்யும் ஏற்பாடு அது. இதில் முதல் சொத்து வாங்குபவருக்கு இரண்டு ஆபத்துகள். வாங்கும் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரரா, ஒற்றிக்காரரா என்று தெரியாமல் வாங்கினால், ஒற்றித்தொகை புது உரிமையாளர் தலையில் விழலாம். பதிவுசெய்யாத ஒற்றி வில்லங்கச் சான்றில் தெரியாது. வீட்டில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை உண்டோ, அதை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சொத்துரிமை மாற்றச் சட்டம் கருதும். ஆகவே முன்பணம் கொடுக்கும்முன் குடியிருப்பவரையே நேரில் கண்டு, எந்த ஏற்பாட்டில் இருக்கிறார், எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, வாங்கிய வீட்டைத் தானே ஒற்றிக்கு விட்டு அந்தத் தொகையைக் கடனடைக்கப் பயன்படுத்துவது. காலம் முடியும்போது அதே தொகையைத் திருப்பித் தர வழி தெரியாதவர் இதில் இறங்கக் கூடாது.

பணம் கைமாறுதல், பதிவு

அச்சாரச் சீட்டு எழுதி முன்பணம் கொடுப்பது வழக்கம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய உடன்படிக்கையைப் பதிவுசெய்தாக வேண்டும். பதிவாகாத சீட்டை வைத்து நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. எல்லாத் தொகையும் வங்கி வழியே போனால் பின்னால் கணக்குச் சொல்ல எளிது.

விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் இன்னொரு பொறுப்பு உண்டு. உள்நாட்டு விற்பனையாளருக்கு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால்தான் ஒரு விழுக்காடு வரி பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தக் கீழ்வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் மிக அதிகம். பிடிக்கத் தவறினால் வாங்குபவரிடமே வசூலிப்பார்கள். வாங்குபவரே வளைகுடாவில் இருந்தால் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ வாங்கக் கூடாது. தென்னந்தோப்பைப் 'பிளாட்' என்று காட்டினாலும் வருவாய்ப் பதிவேட்டில் தோட்டம் என்று இருந்தால் அது தோட்டமே.

வீட்டுமனை வாங்கிக் கட்ட நினைப்பவர் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண்ணைக் கேட்க வேண்டும். ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவு மனைகளைப் பதிவதற்கு 2016இல் தடை வந்தது, அந்த ஆண்டு அக்டோபர் 20 வரையிலானவற்றை வரைமுறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. நாகர்கோவிலைச் சுற்றி வயலை மேடாக்கிப் பிரித்த மனைகளில் ஐப்பசி மழைக்குப் பின் ஒருநாள் போய் நிற்பது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அன்றுதான் தெரியும்.

சொத்தின் மதிப்பு 10 லட்சம் வரை இருந்து பெண்ணின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. பதிந்தபின் பட்டா மாறுதல், உட்பிரிவு இருந்தால் நில அளவர் அளந்து தனி எண், சொத்து வரி, மின் இணைப்புப் பெயர்மாற்றம் என்று அடுத்தடுத்து முடிக்க வேண்டும். பட்டா மாறாமல் கிடக்கும் சொத்தில்தான் பிறகு தகராறு முளைக்கிறது.

வாடகைக்கு விடுதல்

வாடகை ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக உடன்பட்டால் ஒழிய, முன்வைப்புத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டவிரோதம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்ப்பதற்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதம் இருமடங்கும், அதற்குப் பின் நான்கு மடங்கும் வாடகை தர நேரிடும். பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைத் தராது. அந்தப் பாதுகாப்பு வீட்டுக்காரருக்கும் சேர்த்தே.

வரியில் சலுகை உண்டு. கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் நிற்கும் வாடகையில் 30 விழுக்காடு பராமரிப்புக்கென்று ரசீது கேட்காமலே கழியும், கடன் வட்டியும் கழியும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகைக்காரர் வரி பிடித்துத்தான் அனுப்ப வேண்டும். குடிவருபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் அறிவிக்கை அவர் பெயருக்கு வரும்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, மீட்டர் அளவு, மோட்டாரின் நிலை, கதவு ஜன்னல், சுவர்க் கறை எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். காலிசெய்யும் நாளில் அந்தத் தாளை எடுத்துவைத்து, பழுதுக்கு உரியதை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்ச முன்பணத்தை உடனே திருப்பித் தர வேண்டும். மணவாளக்குறிச்சி, குளச்சல் போன்ற சின்ன ஊர்களில் அடுத்த வாடகைக்காரர் பெரும்பாலும் முந்தையவரிடம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்.